நகத்தில் இட்ட மை

எதைப் பற்றியும் ‘நன்றாக இருக்கிறது’ என்று அந்த அம்மாள் சொல்லி நான் கேட்டதில்லை. திண்டிவனத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில், இரண்டு கறவை மாடுகளையும் ஒரே மகளையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். காலையில் எங்களுக்குப் பால் ஊற்ற வரும்போது கேனின் மேல் ஈரத்துணி மூடியிருக்கும். துணியை முழுவதும் விலக்க மாட்டார். ஆழாக்கு நுழையும் அளவுக்கு மட்டும் ஒதுக்கி, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி அளந்து ஊற்றுவார். மாடு இப்போது எவ்வளவு கறக்கிறது என்று கேட்டால், “ஏதோ குடுக்குதுங்க, அதுக்குத் தோணுனா” என்பார். மழை நன்றாகப் பெய்ததே என்றால், “பேஞ்சுதுங்க” என்பதோடு சரி. அவருடைய மகள் சத்யா பள்ளி இறுதித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய செய்தியை என் மனைவி கடைத்தெருவில் கேள்விப்பட்டு வந்து வாழ்த்தினாள். “யாரோ தப்பா சொல்லிட்டாங்கம்மா. அது ஏதோ தட்டித் தடுமாறி பாசாயிருக்குது” என்று சொன்னவர், அன்றைக்குப் பாலை ஊற்றாமலேயே திரும்பிப் போய்விட்டார்.

நான் சிறு வயது முதல் பதிகங்களை ஓதி வருபவன். அவற்றில் அடியவர்கள் ஆண்டவனிடம் வேண்டுவதைத் திரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றே மிஞ்சும்: உன் பார்வை என் மேல் படட்டும் என்பது. அழுதும் ஊடியும் உரிமையோடு வைதும் அவர்கள் கேட்பது அந்தப் பார்வையைத்தான். இந்த அம்மாள் வாழ்நாளெல்லாம் கேட்டது அதற்கு நேர் எதிரானது. தன்னுடையது எதன் மீதும் எவர் கண்ணும் படாதிருக்க வேண்டும். அதற்காக அவர் மூடினார், மறைத்தார், பூசினார், கட்டினார்.

சத்யா ஆரி ஒர்க் கற்றுக்கொண்டாள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி முனை ஊசியால் கல்லும் மணியும் கோத்துக் கல்யாண ஜாக்கெட்டுகளில் பூவேலை செய்வது. சில ஆண்டுகளிலேயே அனந்தபுரம், வல்லம் பக்கமிருந்தெல்லாம் மணப்பெண்களின் தாய்மார்கள் துணியோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள். வந்தவர்களிடம் இந்த அம்மாள், “அது என்னாத்த பண்ணுது, சும்மா ஊசிய வெச்சி குத்திக்கினு இருக்குது” என்பார். அவர்கள் திகைப்பார்கள். உள்ளே இருந்து சத்யா குரல் கொடுப்பாள்: “அக்கா, நீங்க உள்ள வாங்க. எங்கம்மா வாட்ச்மேன் இல்ல, வர்றவங்கள தொரத்தறதுக்குன்னே வெச்சிருக்கேன்.”

தன் உழைப்பில் அவள் ஒரு ஸ்கூட்டர் வாங்கி வந்த நாள் தெருவுக்கே நினைவிருக்கும். பூசை முடிந்து திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டியின் முன்பக்கம் ஒரு பிஞ்ச செருப்பு தொங்கியது. பின்பக்கம் முழுவதும் சேறு.

“ஏம்மா, ஷோரூம்ல இருந்து இப்பதான வந்துது? இத ஓட்டிக்கினு போனா எவ எங்கிட்ட ஜாக்கெட் குடுப்பா?”

“குடுக்காட்டி போறா. செருப்பப் பாத்தா ஒன்னப் பாக்க மாட்டாங்க.”

“ஆமாம், செருப்ப கட்டிக்கினு போற மகாராணி யாருன்னு வண்டிய நிறுத்திட்டு பாப்பாங்க!”

தெரு சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. செருப்பு ஆடாமல் இருக்கிறதா என்று முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கணவரைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கரும்பு லோடு ஏற்றுபவர். திருவிழாவில் தேர்வடம் பிடித்தபோது யாரோ அவர் தோள்களைப் புகழ்ந்தார்களாம். அந்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாராம். உண்மையா என்று நான் கேட்டதில்லை. கேட்கக்கூடிய முகமாக அது இருந்ததில்லை.

ஒருமுறை மட்டும் கோயிலில் வைத்து அவரிடம் வாதாடிப் பார்த்தேன். இறைவன் பார்வை காவலாக இருக்கையில் மனிதர் கண் என்ன செய்துவிடும் என்று கேட்டேன். சந்நிதியில் அப்போதுதான் நைவேத்தியத்துக்காகத் திரை போட்டிருந்தார்கள். அவர் அந்தத் திரையைக் கையால் காட்டினார்.

“அப்ப சாமிக்கு சோறு வெக்கறப்போ எதுக்கு ஐயா திரைய இஸ்து மூடறாங்க? அதும்மேல கண்ணு படும்னுதான?”

பிறகு குருக்களைக் கேட்டேன். அவர் சொன்ன விளக்கமும் இந்த அம்மாள் சொன்னதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

அவர் இன்று இல்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நினைவு எங்கு தொடங்கினாலும் கடைசியில் விழுப்புரத்து மருத்துவமனையில் ஒரு கட்டிலருகே போய் நின்றுவிடுகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று அவர் பால் ஊற்றப் போயிருந்தார். சத்யா மாட்டுக்காகச் சோளத்தட்டையை நறுக்கும் மெஷினில் தள்ளிக்கொண்டிருந்தாள். கூக்குரல் கேட்டு நான் போனபோது வலக்கையில் சுற்றிய துண்டு நனைந்துகொண்டிருக்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதற்குள் வந்துவிட்ட தாய் மண்டியிட்டு, நறுக்கிய தட்டைக் குவியலை இரு கையாலும் விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும். இரண்டையும் கண்டெடுத்தார். நான் தொலைபேசியில் ஆம்புலன்ஸை அழைத்தேன். சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும், ஐஸ் நேராக விரலில் படக் கூடாது என்று அங்கிருந்த குரல் சொன்னது. மீன் கடையிலிருந்து ஐஸ் வந்தது. பால் கேனில்தான் வைத்தார். மூடினார்.

“எங்க, காட்டு பாக்கலாம்” என்று கூடி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேனை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆம்புலன்ஸில் வந்த ஊழியரிடமும் அப்படியே.

“பேஜாரு பண்ணாதீங்கம்மா. ஐஸ் நேரா படுதான்னு நான் பாக்கணும்.”

“டாக்டருக்குத்தான் காட்டுவேன்.”

“டாக்டருகிட்ட கொண்டுபோறதே நான்தான். தெறங்க, ஜல்தி.”

திறந்தார், ஆனால் முந்தானையைக் கூடாரம்போல் கேனின் மேல் பிடித்துக்கொண்டு, அவர் ஒருவர் மட்டும் பார்க்கும்படி திறந்தார்.

நூலினும் மெல்லிய இரத்தக் குழாய்களைப் பெருக்கிக் காட்டும் கருவியின் வழியே பார்த்துத் தைத்து, இரண்டு விரல்களையும் மருத்துவர்கள் மீண்டும் பொருத்தினார்கள். வெளியே வந்த டாக்டர், களைத்த குரலில் எங்கள் இருவரிடமும் பேசினார்.

“எங்க வேலை முடிஞ்சிது. இனிமே பார்க்கிறதுதான் வைத்தியம். விரலுக்கு ரத்தம் போகணும், போன ரத்தம் திரும்பி வரணும். ரெண்டுல எது நின்னாலும் விரல் நிக்காது. நிறம் வெளுத்தா போகலன்னு அர்த்தம், ஊதா ஆச்சுன்னா திரும்பலன்னு அர்த்தம். அதனால மூடவே கூடாது. சிஸ்டர் பார்ப்பாங்க, நான் பார்ப்பேன், நீங்களும் பார்த்துக்கிட்டே இருங்க. எத்தனை கண்ணு பார்க்குதோ அவ்வளவு நல்லது.”

நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இதைவிடக் கொடிய தண்டனையை யாரும் விதித்திருக்க முடியாது.

வார்டில் சத்யாவின் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். கட்டுக்கு வெளியே இரண்டு விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. அவற்றின் மேல் ஒரு மஞ்சள் விளக்கு. மணிக்கொரு முறை சிஸ்டர் வந்து நகத்தை மெல்ல அழுத்துவார். வெளுக்கும். விடுவார். சிவப்பு திரும்பும். திரும்பாவிட்டாலும் ஆபத்து, அவசரமாகத் திரும்பினாலும் ஆபத்து. அந்தச் சிறு இடைவெளியில் நான் ஓதக் கற்றதெல்லாம் நாவில் அடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு சிஸ்டர் தன் போனில் படமெடுத்து டாக்டருக்கு அனுப்புவார்.

“போன்லயும் அனுப்பறீங்களா? அத எத்தினி பேரு பாப்பாங்க?” என்று தாய் கேட்டார்.

“டாக்டரு மட்டுந்தாம்மா.”

“அவரு வூட்ல இருக்கறவங்க?”

சிஸ்டர் சிரித்துவிட்டுப் போனார். டீ, காபி வாடையே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரத்தக் குழாய் சுருங்கிவிடுமாம். அதெல்லாம் அந்த அம்மாளுக்கு எளிதாக இருந்தது. மூடாமலிருப்பதுதான் முடியவில்லை. வெளியாட்கள் வரும்போதெல்லாம் தற்செயலாக எழுபவர்போல் எழுந்து, விளக்குக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொள்வார்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த கணவருக்குத் துணையாக இருந்தவர் காணை ஊர்ப் பக்கத்து அம்மாள். கள்ளமற்றவர், உரத்த குரல். அவர் ஒருநாள் சுற்றிக்கொண்டு வந்து பார்த்துவிட்டார்.

“அய்ய, இதுவா அறுந்து பூட்ட வெரலு? ரோசா மொட்டாட்டம் இருக்குதே! ஒம்பொண்ணுக்குப் புது வெரலே மொளைச்சிக்கிச்சு, போ!”

இந்த அம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் திண்டிவனத்திலிருந்து இட்லியோடு போய்ச் சேர்ந்தபோது வார்டு அமளியாக இருந்தது. விரல் நுனிகள் இரண்டும் கறுத்துவிட்டன என்று சிஸ்டர் டாக்டரை அழைத்திருந்தார். குனிந்து தொட்டவர், தன் விரலில் ஒட்டியதைப் பார்த்தார். முகர்ந்தார்.

“யாரு வெச்சது இது?”

சத்யா கூரையைப் பார்த்தாள்.

“நான்தாங்க” என்றார் தாய். “கண்ணு மை.”

“நெறத்தப் பாக்கத்தான் இத்தினி பேரு அல்லாடறோம். நகத்துமேல மைய பூசி வெச்சா நான் எதம்மா பாக்கறது? டாக்டரு பாதி சாப்பாட்ல எழுந்து வர்றாரு தெரியுமா?”

“கன்னத்துல வெச்சா அது கன்னத்துக்குத்தாங்க காவலு. வெரலுக்கு வெரல்லதான வெக்கணும்?”

சிஸ்டரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். பஞ்சை நனைத்து மையை ஒற்றி ஒற்றி எடுத்தார். உள்ளே இரண்டு விரல்களும் சிவப்பாகவே இருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி, “கட்டுமேல வெச்சிக்குங்க. எவ்ளோ பெருசா வேணும்னாலும் வெச்சிக்குங்க. வெரல விட்ருங்க” என்றார். வெள்ளைக் கட்டின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்புப் பொட்டு ஏறியது. ஓடிவந்த டாக்டர் அதைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், மூச்சை விட்டார். பொட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள் பிற்பகலில், மை எதுவும் இல்லாமல், ஆட்காட்டி விரல் நிறம் மாறத் தொடங்கியது.

முதலில் கண்டவர் சிஸ்டர்தான், தாமதமின்றிக் கண்டார். நுனி வீங்கி ஊதாவாகிக்கொண்டிருந்தது. அழுத்தி விட்டால் நிறம் குதித்துத் திரும்பியது. போன இரத்தம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்குகிறது என்றார் டாக்டர். மறுபடி உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்தார்கள். பிறகு நகத்தை எடுத்துவிட்டு, தேங்கிய இரத்தம் கசிந்து வெளியேறும்படி மருந்தைச் சொட்டிக்கொண்டே இருந்தார்கள். கசிவு உறையாதபடி ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். குறை சொல்ல யாரும் இல்லை என்பது அன்று எனக்குப் பெருந்துன்பமாக இருந்தது.

பஞ்சை வாங்கிக்கொள்ளத் தாயை அழைத்தார்கள். அவர் கட்டிலருகே வரவில்லை. வராந்தாவில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். நான் போனேன்.

“ஊரு கண்ணெல்லாம் எண்ணி எண்ணி மூடுனேன் ஐயா. காணை அம்மா கண்ணு, சிஸ்டரு கண்ணு, போன்ல பாக்கறவங்க கண்ணு. என் கண்ண எண்ணாம விட்டுட்டேன்.”

“என்ன அம்மா சொல்கிறீர்கள்?”

“மொத நாளு சாயங்காலம் எல்லாம் பூட்டாங்க. அந்த வெளக்கு வெளிச்சத்துல ரெண்டு வெரலும் செவந்து கெடந்துது. பாத்துக்கினே இருந்தேன். எவ்ளோ நல்லா இருக்குதுன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேன். ஆச தீர சொல்லிட்டேன் ஐயா. பெத்த கண்ண மிஞ்சின கண்ணு ஏது?”

நான் டாக்டர் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். குழாய், தேக்கம், வீக்கம். பொறுமையாகக் கேட்டார்.

“அவரு சொன்னது நெசந்தாங்க. அந்தக் கொழாயி ஏன் அடைச்சிக்கிச்சு? அதத்தான் நான் சொல்றேன்.”

இறைவனைத் தாயாக்கிப் பாடிய பாடல்கள் எனக்கு நிரம்பத் தெரியும். அவன் பார்வையே பால் என்றும் பார்வையே நிழல் என்றும் உருகியிருக்கிறேன். தன் பார்வையே மகளைத் தீண்டிய நஞ்சு என்று நம்பி நிற்கும் ஒரு தாய்க்குச் சொல்ல, அவற்றுள் ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினேன். என்னால் ஆனது அதுதான்.

அதன்பின் அவர் கட்டிலின் கால்மாட்டில், மகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். மகளின் பாதங்கள் மேல் அவர் கை மட்டும் இருந்தது. பஞ்சால் ஒற்றும் வேலையைச் சிஸ்டரும் காணைப் பக்கத்து அம்மாளும் மாறி மாறிச் செய்தார்கள். தாயோ, வாழ்நாளில் எவரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்கத் தொடங்கினார். சாப்பாட்டு வண்டி தள்ளுபவரை நிறுத்துவார். “கொஞ்சம் பாருங்க, செவப்பா இருக்குதா?” தரை துடைக்கும் பெண்ணைக் கேட்பார். எதிர்க் கட்டிலைப் பார்க்க வந்த முன்பின் அறியாதவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவருவார். “நீங்க வந்து பாருங்க. நல்லா பாருங்க.” வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “செவப்பாத்தாம்மா இருக்குது” என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நீங்க பாருங்க. சாமிப் பாட்டு படிக்கற வாயி. என்னா நெறம்?”

நான் குனிந்தேன். விரல் நுனி, மழைக்கு முந்தைய மேகத்தின் அடிப்பக்கம்போல் இருந்தது. பொய் சொல்லும் இரக்கம் எனக்கு வரவில்லை. உண்மை சொல்லும் துணிவும் வரவில்லை. வாய் தானாகச் சொன்னது.

“கறுத்திருக்கிறது அம்மா.”

அவர் தலையசைத்தார். கோபமில்லை. மகளின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

“அவரு சொன்னது நெசந்தாம்மா” என்றாள் சத்யா. அதுவரை நாங்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை. “கையி என்னோடதுதான, நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். நேத்து ஆனியன் பிங்க். காலையில லேவண்டரு. இப்ப வைன் கலரு. அந்த நூலு எங்கிட்ட ரெண்டு கண்டு இருக்குது. அதுல இருந்து திரும்பாது.”

பஞ்சு வைத்திருந்த காணைப் பக்கத்து அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஆட்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இன்னும் சிவப்பாக இருக்கிறது என்றும், அது ஒன்று பிழைத்தால் கட்டைவிரலோடு சேர்த்து ஊசியைப் பிடிக்கப் பழகிவிடலாம் என்றும், ஆனால் இப்போதும் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றும் டாக்டர் சொன்னார். இரண்டு நுனிகள் தெரிந்த இடத்தில் ஒன்று மட்டும் தெரிந்தது. விளக்கு அதே விளக்குதான்.

தாய் கால்மாட்டில் அதே முதுகோடு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, இங்க வா.”

“வேணாம்.”

“நீ பாக்காட்டி அது பொழைச்சிக்குமா?”

“பாக்க மாட்டேன். என்ன உட்ரு.”

“பாக்க வேணாம். அந்தாண்ட திரும்பிக்கினே வா.”

அவர் அசையவில்லை. நான் அருகே போய்த் தோளைத் தொட்டு எழுப்பினேன். கனமே இல்லாதவராக எழுந்துவந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்களையும் இறுக மூடிக்கொண்டார். சத்யா இடக்கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

“கண்ணாலதான பாக்கக் கூடாது? கைக்கு ஏது கண்ணு? தொட்டுப் பாரு. உசிரு இருந்தா சுடும்.”

குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல், அந்த அம்மாளின் புறங்கை விரல் நுனியில் போய்ப் பட்டது. பட்டதும் பின்வாங்கப் பார்த்தது, சத்யா விடவில்லை. சிஸ்டர் மருந்துத் தட்டோடு வந்தவர் எட்டவே நின்றுவிட்டார்.

“சுடுதா?” என்றாள் மகள்.

“வெதுவெதுன்னு இருக்குது” என்றார் அவர், முகத்தைத் திருப்பாமலே. கையை எடுக்கவில்லை.